தீரர் சத்தியமூர்த்தியும் சென்னை நகர வோட்டர்களும்

தேர்தல் காலம் வருந்தோறும் நமது சங்கத்து அன்பர்கள் பலர் நமக்கு ஏறக்குறைய ஒரே விதமான கடிதங்களை எழுதுகின்றனர். இன்ன தொகுதியில் நம்மவர் ஒருவர் நிற்கின்றார். அவர் நம்மவர் என்னும் காரணம் ஒன்றே போதுமாகையால், அவருக்கு ஆதரவாகச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றல் வேண்டும் என்பது அக்கடிதங்களின் சாரம். வேறு சிலரோ, நெடுங்காலம் பதவியில் வேரூன்றிய ஒருவரை எதிர்த்து நிற்பது வீண் செலவென்றும், வெல்லும் பக்கம் அறிந்து சேர்ந்துகொள்வதே சமூகத்துக்கு நன்மை என்றும் எழுதுகின்றனர். இவ்விரண்டு கருத்துக்களையும் நாம் இலேசாக எண்ணித் தள்ளிவிடவில்லை. நமது பிள்ளைகளின் கல்வியும் உத்தியோகமும் சட்டசபையில் அமர்வோரின் மனப்போக்கைப் பெரிதும் பொறுத்தன என்பதை நாம் அறிவோம். ஆயினும் இக்கடிதங்களுக்குத் தனித்தனியே விடை எழுதுவதினும், இந்நகரத்திலேயே நடந்த ஒரு தேர்தலையும், அத்தேர்தலில் எதிர்த்து நின்று வென்ற ஒரு பெரியாரின் வாழ்க்கையையும் எடுத்துரைத்தல் நலம் என்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

அப்பெரியார் தீரர் சத்தியமூர்த்தி. அவர் நமது சமூகத்தினர் அல்லர். அவரை இங்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவே ஒரு காரணமுமாகும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி சத்தியமூர்த்தி பிறந்தார். மலைக்கோட்டையும், குடைந்தெடுத்த கோயில்களும் உடைய அவ்வூரில் அவர் தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வக்கீல் தொழில் நடத்தி வந்தார். தந்தையாரை இளமையிலேயே இழந்த சத்தியமூர்த்தி, குடும்பப் பாரத்தின் நடுவே புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்பு சென்னைக்கு வந்து கிறிஸ்தியன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேறி வழக்கறிஞரானார். ஸம்ஸ்கிருதம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நாவன்மை வாய்ந்தவர். சங்கீதத்திலும் நாடகத்திலும் அவருக்கிருந்த பற்று அளவு கடந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையின் மேடையில் அவர் வேஷம் தரித்து நடித்தவர். கனவான்கள் கூத்தாடுவது இழிவென்று கருதிய காலத்தில், பல சாதியாரும் ஒரே மேடையில் நின்று நடித்த சபை அது. குரலை ஏற்றியும் இறக்கியும் பல்லாயிரம் பேரைக் கட்டி வைக்கும் திறமையைப் பிற்காலத்தில் கடற்கரைக் கூட்டங்களில் அவரிடம் கண்டோர், அதற்கு இந்நாடகப் பயிற்சியும் ஒரு துணை என்று உணர்ந்திருப்பர்.

இனி, அவரை எதிர்த்தவரைப் பற்றியும் சொல்லுதல் முறை. எதிரியின் பெருமையை மறைத்துக் கூறும் சரிதம் வென்றவருக்கும் பெருமை தராது.

திவான் பகதூர் ஆற்காடு இராமசாமி முதலியார் அதே 1887ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 14ஆம் தேதி கர்நூலில், இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். மற்றவர், மருத்துவத்திற் பெயர் பெற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் வீற்றிருந்த லட்சுமணசாமி முதலியார். இராமசாமி முதலியாரும் சென்னைக் கிறிஸ்தியன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலுமே பயின்றவர். ஆகவே, ஒரே ஆண்டில் இரண்டு மாத இடைவெளியிற் பிறந்து, ஒரே கலாசாலைகளிற் படித்து, ஒரே தொழிலை மேற்கொண்ட இருவர், அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நடந்தனர். சத்தியமூர்த்தி காங்கிரஸ் மகாசபையைச் சார்ந்தார். முதலியார் ஜஸ்டிஸ் கட்சி எனப்பட்ட தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தின் தூண்களில் ஒருவரானார்.

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தைப் பற்றிப் பார்லிமெண்டுக் கமிட்டி 1919இல் லண்டனில் சாட்சியம் கேட்டபோது, காங்கிரஸ் தூதுக்கோஷ்டியில் ஒருவராகச் சத்தியமூர்த்தி அங்கே சென்றிருந்தார். பிராமணரல்லாதாருக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதாடச் சென்ற ஜஸ்டிஸ் கட்சியினருள் ஒருவராக இராமசாமி முதலியாரும் சென்றிருந்தார். முப்பத்திரண்டு வயதையும் முழுதாக எட்டாத இரண்டு சென்னை வாலிபர், ஒரே ராஜதானியின் எதிர்காலத்தைக் குறித்து, அந்நிய தேசத்துத் தலைநகரில், எதிரெதிரான பக்கங்களில் நின்றனர். முதலியார் பக்கத்துக் கோரிக்கை வெறும் பொறாமையிற் பிறந்ததன்று. அக்காலத்து உத்தியோகங்களிலும் கல்லூரிகளிலும் ஒரு வகுப்பாரே மிகுந்திருந்தனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. நம் போன்ற சமூகச் சங்கங்கள் பல அக்காலத்தில் தோன்றியதும், மாணவர் விடுதிகளும் கல்வி நிதிகளும் ஏற்படுத்தியதும் அக்குறையை நீக்கும் பொருட்டே அன்றோ?

முதலியார் 1920 முதல் 1926 வரையில் சென்னைச் சட்டசபை அங்கத்தினராயிருந்தார். 1928 முதல் 1930 வரை சென்னை நகர மேயராயிருந்தார். ஜஸ்டிஸ் கட்சியின் ஆங்கிலத் தினசரிக்கு ஆசிரியராயிருந்து, கூரிய எழுத்தால் எதிரிகளும் வியக்குமாறு எழுதினார். வட்டமேஜை மகாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். காங்கிரஸ் பகிஷ்காரம் செய்து விலகி நின்ற தேர்தலின் பின், 1931 முதல் டில்லியிலுள்ள இந்தியச் சட்டசபையில் சென்னை நகரத்தின் பிரதிநிதியாக அமர்ந்தார். ஆகவே 1934இல் அவர் வோட்டர் முன் வந்தபோது, அனுபவமும் பட்டமும் பதவியும் கட்சியும் ஆகிய எல்லாம் அவர் பக்கத்தில் இருந்தன.

சத்தியமூர்த்தியின் பக்கத்தில் இருந்தவை யாவை? 1923 முதல் 1930 வரை பல்கலைக்கழகத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து சுயராஜ்யக் கட்சியின் வாளாக விளங்கியவர் அவர். மந்திரிமார்கள் அவருடைய கேள்விகளை எண்ணி முன்னிரவிலேயே அஞ்சினர் என்றால் மிகையாகாது. முதலியாரும் அவரும் 1923க்கும் 1926க்கும் இடையில் ஒரே சபையில் எதிரெதிரே அமர்ந்தவர்கள். ஒருவர் பலத்தை ஒருவர் நன்கறிந்தவர்கள். 1930இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி ஸ்வாமி கோயிலின் மீது தேசியக் கொடியை ஏற்ற முயன்று சிறை புகுந்தார் சத்தியமூர்த்தி. செல்வம் அவரிடம் இல்லை. சிறைவாசமும் தேசப்பணியும் வக்கீல் தொழிலின் வருவாயை விழுங்கிவிட்டன.

காங்கிரஸ்காரர் சட்டசபைக்குச் செல்லலாமா என்பதே அக்காலத்தில் பெரிய வழக்காயிருந்தது. காந்தியடிகள் சட்ட மறுப்பை 1934இல் நிறுத்தியதும், சட்டசபைப் பிரவேசமே வழியென்று பல ஆண்டுகளாக வாதாடிவந்த சத்தியமூர்த்திக்கு நாள் வந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நடந்த இந்தியச் சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதிக்கு அவரே காங்கிரஸ் அபேட்சகரானார்.

இக்காலத்து இளைஞர்கள் அத்தேர்தலின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் அவசியம். இன்று பதினெட்டு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வோட்டு உண்டு. அன்று சொத்தும் வரியும் உடையோருக்கே அவ்வுரிமை. இந்தியா முழுவதிலும் அந்தத் தேர்தலுக்குரிய வோட்டர்கள் சுமார் 14 லட்சம் பேரே. அவர்களுட் பெண்கள் சுமார் 81 ஆயிரம் பேர். ஆகவே சென்னையில் வோட்டுக் கேட்டுச் சென்றவர்கள் வீட்டுச் சொந்தக்காரரையும், வர்த்தகரையும், உத்தியோகஸ்தரையும், வக்கீல்களையுமே பெரும்பாலும் நாட வேண்டியிருந்தது. இவர்கள் சர்க்காரின் தயவை நாடும் வகையினர். ஆதலால் பதவியிலிருப்போர் பக்கமே சாய்வர் என்று எவரும் எண்ணுவதற்கு இடமிருந்தது.

தொகுதியோ நகரம் முழுவதும் பரந்தது. வடக்கே துறைமுகப் பகுதியும், நடுவே ஜார்ஜ் டவுன் வர்த்தகத் தெருக்களும், தெற்கே திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும், மேற்கே புதிதாக எழுந்து வந்த தியாகராய நகரும் அதனுள் அடங்கின. தியாகராய நகரின் விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. மாம்பலத்து ஏரிப் புறத்தில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக் காலத்தில் உருவான அந்நகருக்கு, அக்கட்சியின் பிதாமகரான ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரே சூட்டப்பட்டது. பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேச முதலியார், உஸ்மான் ஆகியோரின் பெயர்களை அங்குள்ள பூங்காக்களும் சாலைகளும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன. அத்தெருக்களில் வோட்டுக் கேட்ட காங்கிரஸ்காரர் எதிர்க்கட்சித் தலைவர்களின் பெயர்ப் பலகைகளுக்குக் கீழேயே நின்று கேட்க வேண்டியிருந்தது. மயிலாப்பூரிலும் அவர் பாதை மலர் தூவியதன்று. அங்கு வாழ்ந்த பெரிய வக்கீல்களுள் மிதவாதிகள் பலர். சிறை சென்றவர்களை அவர்கள் ஐயத்துடனேயே நோக்கினர். பிராமணர் வோட்டை மட்டும் நம்பிச் சென்னை நகரத் தொகுதியில் எவரும் வென்றிருக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் முறை யாது? அவர் வோட்டரின் குலத்தைப் பற்றிப் பேசவில்லை. வோட்டரின் நிலையைப் பற்றிப் பேசினார். பிரிட்டிஷ் அரசாங்கம் 1933இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்பதே காங்கிரஸ் அத்தேர்தலில் தேசத்தின் முன் வைத்த கேள்வி. உலகமெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் விலைகள் வீழ்ந்து, குடியானவனும் வியாபாரியும் நொந்திருந்த காலம் அது. மாகாணத்தில் 1932 முதல் முதல் மந்திரியாயிருந்த பொப்பிலி அரசரின் ஆட்சியில் ஜனங்களுக்கு வெறுப்பு வளர்ந்திருந்தது. டில்லியிற் பணியாற்றிய முதலியார் அந்த ஆட்சியின் குறைகளுக்கு நேரிற் பொறுப்பாளி அல்லர். ஆயினும் கட்சியின் பாரம் அவர் தோளிலும் ஏறிற்று. நெடுநாள் பதவியிலிருக்கும் கட்சியைச் சேர்ந்தவர், தாம் செய்யாத பிழைக்கும் விடை சொல்ல நேர்கின்றது. இஃது அன்றும் இன்றும் மாறாத நியதி.

முடிவு யாவரும் அறிந்தது. சத்தியமூர்த்தி வென்றார், முதலியார் தோற்றார். அதே தேர்தலில், டில்லிச் சட்டசபையின் தலைவராகவே வீற்றிருந்த ஆர். கே. சண்முகஞ் செட்டியாரும் தமது ஸ்தானத்தை இழந்தார். இந்தியா முழுவதும் 42 ஸ்தானங்களைக் காங்கிரஸ் பெற்றது. காங்கிரஸ் பக்கம் நின்று அவ்வாண்டு தென்னாட்டிலிருந்து டில்லி சென்றவர்களுள் முத்துரங்க முதலியாரும் அவினாசிலிங்கம் செட்டியாரும் உண்டு. ஆகையால் ஒரு சாதி மற்றொரு சாதியை வென்றது என்று அத்தேர்தலுக்குப் பொருள் கூறுதல் பொருந்தாது. முதலியார் வகுப்பைச் சேர்ந்த அறிஞர் ஒருவரை விடுத்துப் பிராமணர் ஒருவரைத் தேர்ந்த வோட்டர்கள், தங்கள் வகுப்பை மறந்தவர்களும் அல்லர். முதலியாரின் தகுதியை மறுத்தவர்களும் அல்லர். அந்த வருஷத்தில், அந்தக் கேள்விக்கு, தங்கள் சார்பிற் பேசத்தக்கவர் எவர் என்று பார்த்தனர்; அவ்வளவே.

டில்லியில் சத்தியமூர்த்தி புலாபாய் தேசாய்க்கு அடுத்த நிலையில் காங்கிரஸ் கட்சியின் உபதலைவராக விளங்கினார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால், சர்க்கார் அங்கத்தினர்கள் தங்கள் காகிதங்களை மறுமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குத் தலைவரானபோது, விருதுபட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்த காமராஜ் என்னும் இளைஞரைக் காரியதரிசியாக்கினார். குலத்தாலும் கல்வியாலும் தம்மினும் வேறுபட்ட ஒருவரிடம் தலைமைக் குணத்தைக் கண்டு, அவரைத் தம் அருகில் இருத்தி வளர்த்த செயலை நாம் பெரிதும் போற்றுகின்றோம். 1940இல் காமராஜ் தலைவராக, குருவே காரியதரிசியாகப் பணியாற்றினார். தம்மால் வளர்ந்தவருக்குக் கீழே அமர மனமிசையும் பெரியோர் எத்தனை பேர்? நமது சங்கக் கிளைகளிலேயே இதற்கு விடை தேடிப் பார்க்கலாம்.

அவருடைய குறைகளையும் மறைக்காமற் கூறுவோம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டசபையில் முயன்றபோது, சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து நின்றார். வழிவழி வந்த சமயக் கலை அழியும் என்று அவர் அஞ்சினார். அம்முறையில் அகப்பட்ட பெண்களின் கண்ணீரை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்பதே நம் கருத்து. 1947இல் சட்டம் நிறைவேறியது. அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த அந்த அம்மையாரே இவ்வழக்கில் வென்றவர் என்று காலம் தீர்ப்புச் செய்துவிட்டது. ஒருவரை ஆதரிப்பது அவர் சொல்லும் யாவற்றையும் ஆதரிப்பதாகாது என்பதற்கும் இவர் சரிதமே சான்று.

1937ஆம் வருஷத்துத் தேர்தல் வந்தது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுத்தறியாத வோட்டரும் நிறம் அறிந்து வோட்டுப் போட்ட அத்தேர்தலில், நாடக மேடைக் கலைஞரையும் பாடகரையும் அழைத்துக்கொண்டு சத்தியமூர்த்தி ஊர் ஊராகச் சென்றார். சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159ஐக் காங்கிரஸ் பெற்றது. ஆனால் உழுதவர் விளைவைக் காணவில்லை. தமக்கு உரியதென்று பலரும் எண்ணியிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்து விலகினார் சத்தியமூர்த்தி. இராஜாஜி முதல் மந்திரியானார். மந்திரிசபையில் சத்தியமூர்த்தி இடம்பெறவில்லை. மனம் வருந்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் கட்சியைப் பிளக்கவில்லை. தம் சாதியாரைக் கூட்டிக் கூச்சலிடவும் இல்லை.

1939இல் அவர் சென்னை மேயரானார். யுத்தம் தொடங்கிய காலம். நகரமோ குடிநீருக்குத் தவித்தது. செங்குன்றம் ஏரி ஒன்றை நம்பியிருந்த நகரத்துக்காக, கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டும் திட்டத்தை அவர் விடாப்பிடியாகப் பற்றினார். யுத்த காலச் செலவைக் காட்டித் தட்டிக் கழிக்கத்தக்க திட்டம் அது. கவர்னருடைய சர்க்காரோடு வாதாடி, 1940இல் வேலையைத் தொடங்கச் செய்தார். அந்த நீர்த்தேக்கம் 1944ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. ஆனால் அந்நாளைக் காண அவர் இருக்கவில்லை. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கைதாகி, தொலைதூரத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு, வழிப்பயணத்தில் நேர்ந்த முதுகெலும்புத் துன்பத்தால் நலிந்து, 1943ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 28ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்தே. சுதந்திரம் வந்த 1947ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி காமராஜ் தம் குருவின் இல்லத்துக்குச் சென்று, அங்கே தேசியக் கொடியை ஏற்றினார்.

தோற்ற முதலியாரின் வாழ்வும் தோல்வியோடு முடியவில்லை. அவர் வைசிராயின் நிர்வாக சபையில் அமர்ந்தார். 1942இல் பிரிட்டிஷ் யுத்த மந்திரிசபைக்கு அழைக்கப்பட்டார். 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். மைசூர் திவானாகவும் பணியாற்றி, 1976இல் மறைந்தார். அவரை வோட்டர்கள் நிராகரித்ததால் அவர் வகுப்பார்க்கு இழிவு நேர்ந்ததா? இல்லை. சத்தியமூர்த்தி வென்றதால் அவர் வகுப்பார் மாத்திரம் பயன் பெற்றனரா? அதுவும் இல்லை.

அன்பர்களே, நமக்கு வந்த கடிதங்களுக்கு இனி விடை கூறுவோம். நம்மவர் ஒருவர் தகுதியுடன் நின்றால் மகிழ்வோம். அவர் செய்ததையும் செய்யப்போவதையும் கேட்டறிந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சாட்சிப்படி வோட்டளிக்கட்டும். சங்கம் மாணவர்க்குச் சம்பளம் கட்டும். விதவைக்கு உதவி செய்யும். வோட்டுக்குத் தீர்மானம் செய்யாது. நெடுநாள் பதவியில் இருந்தவரை எதிர்ப்பது வீண் என்ற கூற்றும் 1934இலேயே பொய்யாகிவிட்டது. அதுபோலவே நெடுநாள் இருந்தவர் யாவரும் தீயவர் என்பதும் பொய்.

பூண்டி நீர்த்தேக்கம் இன்று சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்குகின்றது. 3,231 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும் அவ்வேரியின் நீர் புழலுக்கு வந்து சேர்ந்து, பின்பு நகரத்துக் குழாய்களில் இறங்குகின்றது. ஊர்க் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், யார் எடுக்கலாகாது என்று சண்டையிட்ட நாட்களை நமது முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மயிலாப்பூர் வீட்டிலும் தியாகராய நகர் வீட்டிலும் அடையாற்று வீட்டிலும் காலையிற் குழாயைத் திறப்பவர், இந்நீரை நகரத்துக்குத் தந்தவர் எக்குலத்தவர் என்று கேட்டுக் குடத்தை நிரப்புவதில்லை. வரும் தேர்தலில் வோட்டுச் சாவடிக்குச் செல்லும்போதும் நமது குடும்பத்தார் அந்தக் குடத்தை நினைத்துக்கொள்வாராக.